"யூஸ்டு டு" எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது? ஒரு மெயிலில் மாட்டிக்கொண்டேன்

கேட்பவர்: காங்கேயம் பெண்

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவளாக இருக்கிறேன். ஊர் காங்கேயம் பக்கம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்தவள். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மெயில் எழுதுவேன், எல்லாம் இங்கிலீஷ்தான். பயம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன், போன வாரம் வரைக்கும்.

குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்டர் கொடுத்த பையர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. தைக்கும்போது ஊசி ஒடிந்தால் என்ன செய்கிறீர்கள், முடிந்த பீஸை நீடில் டிடெக்டரில், அதாவது துணிக்குள் ஊசித் துண்டு இருந்தால் கத்துகிற மிஷினில் விடுகிறீர்களா என்று. எங்கள் கம்பெனியில் இந்த விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஓவர்லாக்கோ பிளாட்லாக்கோ, எந்தத் தையல் மிஷினானாலும் ஊசி ஒடிந்ததும் டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் காந்தத்தை எடுத்துக்கொண்டு வருவார். துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பார். அதை ரெஜிஸ்டரில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதிக் கையெழுத்து ஆன பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டு முழுவதையும் தனியே எடுத்து வைத்துவிடுவோம். பேக்கிங்குக்கு முன்னால் ஒவ்வொரு பீஸும் டிடெக்டருக்குள் போய் வரும். மணிக்கு ஒரு தடவை 1.2 மி.மீ. இரும்பு மணி பதித்த அட்டையை உள்ளே விட்டு, மிஷின் கத்துகிறதா என்றும் பார்த்துக் குறித்து வைப்போம்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு நான் எழுதிய இரண்டு வரி இது: "வி யூஸ்டு டு ரெக்கார்ட் எவ்ரி புரோக்கன் நீடில். வி யூஸ்டு டு பாஸ் ஆல் பீசஸ் த்ரூ தி நீடில் டிடெக்டர்."

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பதில் வரும் வரைக்கும் சரக்கை ஏற்ற வேண்டாம் என்றும் இருந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "ஏனம்மிணி, நம்ம கம்பெனியில ஊசி ரெஜிஸ்டரே இல்லீன்னு எழுதிப்போட்டியா?" என்றார். "இல்லீங்க சார், இருக்குதுன்னுதானுங்க எழுதுனேன்" என்று மெயிலைக் காட்டினேன். அவரும் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான இருக்குது?" என்றார். ரெஜிஸ்டரின் பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பி, போனில் பேசி, சரக்கு கிளம்ப நான்கு நாள் ஆகிவிட்டது. அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் "யூஸ்டு டு என்றால் வழக்கம்" என்றுதான் எழுதிப்போட்டார்கள். எங்களுக்கு அது வழக்கம்தானே? நான் அனுப்பிய பழைய மெயில்களைத் தேடினால் ஆறு மாதத்தில் முப்பதுக்கு மேல் இந்தச் சொல் கிடக்கிறது. "வி யூஸ்டு டு டெலிவர் ஆன் டைம்" என்று ஒரு புது பையருக்கே எழுதியிருக்கிறேன். பார்க்கப் பார்க்க வயிறு கலங்குகிறது.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. வேலைக்கு இன்டர்வியூ போனபோது மனப்பாடம் செய்துகொண்டு போனதில் அப்பாவைப் பற்றி ஒரு வரி: "மை ஃபாதர் யூஸ்டு டு ஒர்க் இன் எ கோப்ரா யார்டு." தேங்காய்க் களத்து வேலையைத்தான் சொன்னேன். கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகி, "இப்போ என்ன செய்கிறார்?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா அன்றைக்கும் களத்தில்தான் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அன்றைக்குப் புரியவில்லை.

தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். இந்தச் சொல்லை எங்கே போட வேண்டும்? அதற்குப் பதில் என்ன எழுதுவது?

பதில் 1: ஈரோடு ஜவுளிக் கடைக்காரர்

யூஸ்டு என்பதில் கடைசியில் வருகிற "டி" தான் கடந்த காலத்தைக் காட்டுகிறது. அதை எடுத்துவிட்டு "வி யூஸ் டு செக்" என்று எழுதுங்கள், நிகழ்காலம் ஆகிவிடும். நான் அப்படித்தான் பத்து வருடமாக எழுதி வருகிறேன், யாரும் எதுவும் சொன்னதில்லை.

பதில் 2: கோபி டீச்சர்

கண்ணு, உங்கள் மேனேஜருக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அந்த இரண்டு வரியிலும் இலக்கணம் சுத்தமாகத்தான் இருக்கிறது. எந்த வாத்தியாரும் சிவப்பு மையில் சுழிக்க மாட்டார். செய்திதான் தலைகீழாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் கோபி பக்கத்தில் அரசுப் பள்ளிகளில் 31 வருடம் இங்கிலீஷ் நடத்தினேன். "யூஸ்டு டு = வழக்கம்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவர்களில் நானும் ஒருத்தி. முதல் பத்து வருடம் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றைக்கு இப்படி மெயில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று இதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூஸ்டு டு என்பது "முன்னாடி செய்வோம், இப்ப இல்லீங்க" என்பது. இந்த "இப்ப இல்லீங்க" என்பதை நாம் தமிழில் தனியாக வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இங்கிலீஷில் அது அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்தவருக்கு, "ஊசி ஒடிந்தால் எழுதி வைப்போம், இப்போது இல்லை" என்றுதான் கேட்டிருக்கும். குழந்தை போடுகிற உடுப்பு. அவர் சரக்கை நிறுத்தச் சொன்னது நியாயம்தான்.

நம் பிள்ளைகள் எல்லோருமே ஏன் இந்த ஒரே இடத்தில் விழுகிறார்கள் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) பேச்சிலிருந்துதான் அதற்குப் பதில் கிடைத்தது. "அப்பல்லாம் சித்திரை வந்தா வண்டி கட்டிக்கிட்டுக் கண்ணபுரம் சந்தைக்குப் போவோம், மாடு பாப்போம், ரெண்டு நாள் அங்கயே தங்குவோம்" என்பார். போவோம், பாப்போம், தங்குவோம். இதே "போவோம்" தானே "நாளைக்குப் போவோம்" என்பதிலும் வருகிறது? "நாங்க வெள்ளிக்கிழமையானா கோயிலுக்குப் போவோம்" என்பதிலும் அதே "போவோம்". நடந்து முடிந்த பழக்கம், இப்போது உள்ள பழக்கம், இனி நடக்கப்போவது, மூன்றுக்கும் ஒரே வினை. அப்பல்லாம், வெள்ளிக்கிழமையானா, நாளைக்கு என்று பக்கத்தில் நிற்கிற சொல்தான் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அப்படிப் பேசிப் பழகிய நமக்கு, பழக்கம் என்றால் அதற்கு ஒரே ஒரு வடிவம் இங்கிலீஷிலும் இருக்கும் என்றுதான் தோன்றும். யூஸ்டு டு கண்ணில் பட்டதும் பிடித்துக்கொள்கிறோம்.

இங்கிலீஷ்காரர்கள் அந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு என்றால் "வி வில் கோ". அந்தக் காலத்தில் என்றால் "வி யூஸ்டு டு கோ". இப்போதும் போகிறோம் என்றால் வெறும் "வி கோ". அவ்வளவுதான்.

இந்த "வெறும்" என்பதில்தான் நமக்கு மனசு ஒப்புவதில்லை. "வி செக் எவ்ரி பீஸ்" என்று எழுதினால் ஏதோ மொட்டையாக இருப்பது மாதிரி, வழக்கம் என்பது விட்டுப்போன மாதிரி தெரியும். "செக் பண்ணுகிறோம்" என்பதை நாம் இந்த நிமிடம் நடப்பதற்கும் சொல்வோம், தினமும் நடப்பதற்கும் சொல்வோம். இங்கிலீஷில் இந்த நிமிடம் நடப்பதற்கு "வி ஆர் செக்கிங்" என்று தனியாக இருக்கிறது. அதனால் "வி செக்" என்று சொன்னாலே அது வழக்கத்தைத்தான் குறிக்கும். கூடுதலாக ஒன்றும் தேவையில்லை. அழுத்தம் வேண்டுமானால் "வி ஆல்வேஸ் செக்" போடுங்கள். பெரும்பாலும் என்றால் "வி யூஷுவலி செக்". ஆனால் ஊசி விஷயத்தில் "யூஷுவலி" எழுதிவிடாதீர்கள் கண்ணு. அப்புறம் "எப்போதெல்லாம் செய்வதில்லை?" என்று அடுத்த கேள்வி வரும்.

ஈரோட்டுத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். "டி"யை எடுத்தால் நிகழ்காலம் ஆகாதுங்க. அப்படி ஒரு நிகழ்கால வடிவம் இன்றைய இங்கிலீஷில் இல்லவே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1611-ல் அச்சான இங்கிலீஷ் பைபிளில் 119-ஆம் சங்கீதத்தில் இந்தச் சொல் நிகழ்காலத்தில், "வழக்கமாகச் செய்கிற" என்ற பொருளில் வந்திருக்கிறது. பிற்பாடு அது வழக்கொழிந்து, கடந்த கால வடிவம் மட்டும் தங்கிவிட்டது. பேசும்போது "யூஸ்டு டு" என்பதில் இரண்டு ஒலியும் ஒட்டிக்கொண்டு "யூஸ்ட்டு" என்றுதான் கேட்கும். அதனால் நீங்கள் "வி யூஸ் டு" என்று எழுதினாலும் படிப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்துக்கொண்டு, முன்பு செய்தீர்கள் என்றே எடுத்துக்கொள்வார். யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதற்காகச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம் இல்லை தம்பி. ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

"டி" போகிற இடம் ஒன்று உண்டு. முன்னால் "டிட்" வந்தால் போய்விடும். "டிட் யூ யூஸ் டு ஒர்க் இன் ஈரோடு?" என்று கேட்கலாம். "வி டிடின்ட் யூஸ் டு எக்ஸ்போர்ட்" என்றால் முன்பெல்லாம் எக்ஸ்போர்ட் செய்ததில்லை, இப்போது செய்கிறோம்.

சரி, எங்கே தாராளமாகப் போடலாம் என்று கேட்டீர்கள். மாறிப்போன எதற்கும் போடலாம். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் திருப்பூர் மாவட்டம் ஆகும் வரைக்கும் காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. "காங்கேயம் யூஸ்டு டு பி இன் ஈரோடு டிஸ்ட்ரிக்ட்." அந்த ஈரோடு மாவட்டத்துக்கே 1979-ல் பிரிந்தபோது பெரியார் மாவட்டம் என்றுதான் பெயர். 1996-க்குப் பிறகுதான் ஈரோடு மாவட்டம் ஆனது. "இட் யூஸ்டு டு பி கால்டு பெரியார் டிஸ்ட்ரிக்ட்." கோயமுத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என்று படம் எடுத்த இடங்கள் இருந்தன. "தேர் யூஸ்டு டு பி ஃபிலிம் ஸ்டுடியோஸ் இன் கோயம்புத்தூர்." பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. இப்படி நம் சீமையில் இல்லாமல் போனதை எல்லாம் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், ஒரே சாயங்காலத்தில் இந்தச் சொல் கைக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு நான் கடைசி வருடங்களில் இப்படித்தான் நடத்தினேன். வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் "முன்னாடி என்ன இருந்துச்சு, இப்ப இல்லை?" என்று கேட்டு ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொல்வேன். ஒரு பெண் "எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது" என்று எழுதி வந்தாள். இலக்கணம் முழுக்கச் சரி. எனக்கு அடுத்த வாக்கியம் படிக்க ஓடவில்லை.

எண்ணிச் சொல்லும்போது மட்டும் இதைப் போடாதீர்கள். மூன்று தடவை பழனிக்கு நடந்து போனீர்கள் என்றால் "ஐ வாக்டு டு பழனி த்ரீ டைம்ஸ்". அங்கே யூஸ்டு டு வராது. வருடா வருடம் தைப்பூசத்துக்கு நடந்தீர்கள், இப்போது முடிவதில்லை என்றால் "ஐ யூஸ்டு டு வாக் டு பழனி எவ்ரி இயர்". ஐந்து வருடம் ஈரோட்டில் இருந்தேன் என்பதும் அப்படியே, "ஐ லிவ்டு" போதும்.

கதை சொல்லும்போது "வுட்" என்றும் சொல்வார்கள். அப்புச்சி சந்தைக்குப் போன கதையில் "ஹி வுட் டேக் தி கார்ட்" என்றால் அழகாக இருக்கும். ஆனால் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது மாதிரி நிலைத்து இருந்ததற்கு அது ஒத்துவராது.

அப்பாவைப் பற்றிய வரிக்கும் இதே கதைதான். "மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் எ கோப்ரா யார்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். யூஸ்டு டு என்றதும், வேலை போய்விட்டதோ, அல்லது அப்பாவே இல்லையோ என்று கேட்டவருக்குத் தோன்றியிருக்கும். அதுதான் அந்த முகம்.

பதில் 3: உடுமலை ஸ்பின்னிங் மில்

டீச்சருங்க, இதோடு எனக்கும் ஒரு சந்தேகம். "ஐ ஆம் யூஸ்டு டு நைட் ஷிப்ட்" என்று எங்கள் மில்லில் ஒருவர் பேசுகிறார். அவர் இப்போதும் நைட் ஷிப்ட்தான் வருகிறார். "மிஷின் இஸ் யூஸ்டு டு…" என்றும் மேனுவலில் வருகிறது. எல்லாவற்றிலும் இதே சொல்தானே இருக்கிறது?

பதில் 4: கோபி டீச்சர்

நல்ல கேள்விங்க. எழுத்தில் ஒன்றுபோல் இருக்கிற மூன்று வேறு ஆட்கள் இவர்கள்.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது "ஆம்", "இஸ்", "ஆர்" முன்னால் வந்தால் அது "பழகிப்போச்சு". உங்கள் மில்காரர் சொன்னது "நைட் ஷிப்ட் எனக்குப் பழகிருச்சுங்க" என்பது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின்னால் வினை வந்தால் "இங்" சேரும். "ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்." இங்கே "ஒர்க்" என்று மட்டும் விட்டுவிடுவதுதான் நம் பிள்ளைகள் இன்டர்வியூவில் அதிகமாகச் செய்யும் பிழை. இனிமேல்தான் பழக வேண்டும் என்றால் "கெட் யூஸ்டு டு". புது மில்லுக்குப் போனவர் ஸ்பின்னிங் சத்தத்துக்குப் பழகுகிற வரைக்கும் அதுதான்.

மேனுவலில் வருவது பயன்படுகிறது என்ற பொருள். "திஸ் மிஷின் இஸ் யூஸ்டு டு வைண்ட் யார்ன்", இந்த மிஷின் நூல் சுற்றப் பயன்படுகிறது. இதைக் காதால் பிரித்துவிடலாம். தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு "பஸ்" என்று இழுத்துச் சொல்லுங்கள். "ஸ்ஸ்" வரும்போது விரலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் தேனீ ரீங்கரிக்கிற மாதிரி இழுத்துப் பாருங்கள், தொண்டை அதிரும். முன்பு செய்தோம் என்பதிலும் பழகிவிட்டது என்பதிலும் "பஸ்" சத்தம். பயன்படுகிறது என்பதில் தேனீச் சத்தம். வகுப்பில் அறுபது பிள்ளைகளும் தொண்டையில் கைவைத்துக்கொண்டு ரீங்கரித்தால் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். ஆனாலும் அந்த ஒரு வகுப்பை யாரும் மறந்ததில்லை.

பதில் 5: சாயத்தண்ணீர் சுத்திகரிப்பு நிலைய வேலை, திருப்பூர்

டீச்சர் சொன்னதில் "மாறிப்போன எதற்கும் போடலாம்" என்பது எங்களுக்குத் தினமும் தேவைப்படுகிற விஷயம். அதனால் ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன்.

வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வந்தால் முதல் கேள்வியே நொய்யல் ஆற்றைப் பற்றித்தான் இருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவு அவர்களுக்கும் தெரியும். அப்போது நாங்கள் எழுதுவது: "டையிங் யூனிட்ஸ் ஹியர் யூஸ்டு டு டிஸ்சார்ஜ் இன்டு தி நொய்யல். நவ் வி ரிகவர் அண்ட் ரீயூஸ் தி வாட்டர்." முதல் வரியில் யூஸ்டு டு இருப்பதால்தான் இரண்டாவது வரிக்கு வலு வருகிறது. முன்பு சாயத்தண்ணீர் ஆற்றில் போனது உண்மை. ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியதும் உண்மை. அதை மறைக்கவும் இல்லை, இப்போதும் அப்படித்தான் என்று சொல்லவும் இல்லை. ஆர்.ஓ. வடிகட்டி வைத்துத் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பை எடுத்து, இரண்டையும் மறுபடி சாயத்துக்கே விடுகிறோம் என்பதை எல்லாம் "வி ரிகவர்", "வி எவாப்பரேட்", "வி சென்ட் பேக்" என்று டீச்சர் சொன்ன அந்த வெறும் வினையில்தான் எழுதுவோம்.

இந்த இரண்டையும் ஒரே மெயிலில் இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அனுப்புவதற்கு முன்னால் யூஸ்டு டு இருக்கிற வரியை மட்டும் தேடி, அதன் கடைசியில் "இப்போது இல்லை" என்று மனதுக்குள் சேர்த்துப் படித்துப் பார்ப்பேன். உண்மையாக இருந்தால் விடுவேன். இல்லாவிட்டால் அழித்துவிடுவேன்.

பதில் 6: தாராபுரம், தமிழாசிரியர்

டீச்சர் அம்மா "போவோம்" பற்றிச் சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன். இது பேச்சு வழக்கின் சோம்பல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வார்த்தை. முக்காலத்துக்கும் பொருந்துகிற செயலைச் "செய்யும்" என்ற பொதுவான வடிவத்தால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. உரைகாரர்கள் "மலை நிற்கும்" என்று காட்டுவார்கள். நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். அந்தப் பழைய உரிமையில்தான் நம் பாட்டிமார் "அப்பல்லாம் மழை பெய்யும்" என்கிறார்கள்.

எழுத்தில் நமக்கும் நுட்பங்கள் உண்டு. "செய்துவந்தோம்" என்று எழுதினால் அது முடிந்துபோனதாகவே படிக்கப்படும். "செய்துவருகிறோம்" என்றால் தொடர்கிறது. "செய்வதுண்டு", "செய்வது வழக்கம்" என்றால் இப்போதும் நடப்பது. அந்த மகள் மெயில் எழுதும் முன் தமிழில் இந்த மூன்றில் எது என்று தீர்மானித்துக்கொண்டால், இங்கிலீஷில் தடுமாற்றம் வராது. "செய்துவந்தோம்" என்றால் மட்டும் யூஸ்டு டு.

பதில் 7: காங்கேயம் பெண்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. இரண்டு நாளாகப் படித்துப் படித்துப் பார்த்தேன். தமிழாசிரியர் ஐயா சொன்ன "செய்துவந்தோம், செய்துவருகிறோம்" என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டேன். பக்கத்து சீட் அக்காவும் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டார்.

பழைய மெயில்கள் முப்பத்து நான்கையும் எடுத்து "இப்போது இல்லை" சேர்த்துப் படித்தேன். மூன்றுதான் தேறியது. அதில் ஒன்று, நாங்கள் முன்பு வெளியே கொடுத்துப் பிரின்டிங் செய்துவந்தோம், இப்போது சொந்தமாகப் போட்டுவிட்டோம் என்று எழுதியது. மீதி எல்லாமே இன்றைக்கும் செய்கிற வேலை. "ஆன் டைம்" மெயில் போன பையருக்கு நேற்றுத் திருத்தி எழுதிவிட்டேன்: "வி டெலிவர் ஆன் டைம்." இரண்டே சொல்லை எடுத்ததும் சரியாகிவிட்டது, இவ்வளவுதானா என்று இருந்தது.

ஊசி விஷயத்தை மறுபடி முறையாக எழுதித் தரச் சொல்லி மேனேஜர் சொன்னார். பையரின் ஃபைலில் அந்தப் பழைய வரி இருக்கக்கூடாது என்று அவருக்கு. இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "வி ஸ்டாப் தி மிஷின் வென் எ நீடில் பிரேக்ஸ். வி கலெக்ட் ஆல் தி பார்ட்ஸ். வி ஆர் கீப்பிங் எ ரெஜிஸ்டர் ஃபார் எவ்ரி புரோக்கன் நீடில். ஆல் பீசஸ் பாஸ் த்ரூ தி நீடில் டிடெக்டர் பிஃபோர் பேக்கிங்." அனுப்புவதற்கு முன்னால் டீச்சர் ஒரு தடவை பார்த்துச் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

அப்பா இந்தத் தை மாதத்தோடு களத்து வேலையை விட்டுவிட்டார். முழங்கால் வலி, குத்தவைத்து உட்கார முடியவில்லை. நான் இன்டர்வியூவில் தப்பாகச் சொன்ன வரி இப்போதுதான் சரியாகி இருக்கிறது.

பதில் 8: கோபி டீச்சர்

கண்ணு, நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு இடம். "வி ஆர் கீப்பிங்" என்பதை "வி கீப்" ஆக்கிவிடுங்கள். "ஆர் கீப்பிங்" என்றால் தற்சமயத்துக்கு வைத்திருக்கிறோம் என்ற சாயல் வரும். போன வாரம்தான் ஆரம்பித்தீர்களோ என்று அவருக்குத் தோன்றக் கூடாது. ரெஜிஸ்டர் எந்த வருடத்திலிருந்து இருக்கிறதோ அதையும் ஒரு வரி சேருங்கள்: "வி ஹேவ் கெப்ட் திஸ் ரெஜிஸ்டர் சின்ஸ்" என்று போட்டு வருடத்தை எழுதுங்கள். அன்றிலிருந்து இன்று வரைக்கும் விடாமல் என்று அர்த்தம். அப்புறம் அனுப்பிவிடுங்கள்.

அப்பாவின் முழங்காலைப் பக்கத்தில் இருக்கிற எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.